முப்பது எண்ணும் வரை

தெலாவியில் அக்டோபர்.
முற்றத்தில் டிராக்டரை அணைக்காமலே
"புளிப்பா இல்லையா, அதைச் சொல்"
என்கிறான் வக்தாங்.

லாமாரா பேசவில்லை.
பியூரெட்டின் திருகை
அவள் தொட்டும் தொடாமலும் இருக்க,
பத்து மில்லி வெள்ளை ஒயினில் சொட்டுகிறது காரம்.
விழுந்த இடத்தில் ரோஜா நிறம்.
குடுவையைச் சுழற்றினால் காணோம்.

முதல் தடவை அவசரத்தில் கூடிப்போய்
பீட்ரூட் சாறானது.
கொட்டிவிட்டாள்.
அதைப் பார்த்துத்தான்
அவன் எஞ்சினை நிறுத்தினான்.

இப்போது ஒன்பதைத் தாண்டியாயிற்று.
நுனியில் தொங்கும் அரைச் சொட்டை
நீரால் கழுவி இறக்குகிறாள்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
வெளிறிய சிவப்பு
போக மறுத்து நிற்கிறது.

ஒன்பது புள்ளி இரண்டு மில்லி.
பெருக்கி, வகுத்து,
உறை ஒன்றின் முதுகில் எழுதி நீட்டுகிறாள்:
லிட்டருக்கு ஆறு புள்ளி ஒன்பது கிராம்.

இரண்டு முறை படித்துவிட்டு
வக்தாங் கேட்கிறான்:
"சரி, புளிப்பா?"