இருபது இலக்கம்

ஒன்பது மணிக்குக் கடைசி யூனிட்டும் தீர்ந்தது.
சாட்ஸ்வொர்த் மலை முழுக்க விளக்கு.
எங்கள் வீடு மட்டும் பல் விழுந்த இடம்.

லோகன் பெட்ரோல் பங்க்கில்
நூறு ராண்டுக்குச் சீட்டு வாங்கி வந்தான்.
கைபேசி வெளிச்சத்தில் அவன் வாசிக்க
மீட்டரில் நான் அழுத்தினேன்:

3816 5472 0099 1735 6288

நீளமாய் ஒரு பீப். மறுப்பு.

சரியாப் படி என்றேன்.
சரியாத்தான் படிச்சேன் என்றான்.
சீட்டைப் பிடுங்கிப் பார்த்தேன்.
சட்டைப்பை வேர்வையில் மை கரைந்து
மூன்றாம் கட்டின் கடைசி எழுத்து
ஒன்பதாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம்.
தலை மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா?
தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தால்
பெட்டி பூட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டு சரோஜினி மூட்லி பயமுறுத்தியிருக்கிறாள்.

பகலில் நான் டைல்ஸ் கிடங்கில் கணக்கெழுதுகிறவள்.
யூனிசாவில் பாதியில் விட்ட கணிதம்
இன்னும் விரல் நுனியில் அரிக்கிறது.
தானியப் பெட்டியைக் கிழித்து அதன் முதுகில் எழுதினேன்.
மூன்று லட்சத்து எண்பத்தோராயிரம் கோடிக் கோடிக்கும் மேல்.
இதை இதுவரை யாரும் வாய்விட்டு எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஒன்பது என்றால்
எட்டு முறை பாதியாக்கலாம், பிறகு ஒற்றைப்படை, முரண்டு.
நான்கு என்றால் பத்து முறை.
இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதுக்குத் தொண்ணூற்று நான்கு,
நான்குக்கு எண்பத்தொன்பது, அதுவே ஒரு பகா எண்.

நான்கு, என்றேன்.
எப்படித் தெரியும்?
இன்னும் ரெண்டு தடவை பாதியாகுது.
அது ஒரு காரணமா?
இல்லை.
மின்வாரியத்தின் இயந்திரம் அழகு பார்த்து எண் தருவதில்லை,
அது எனக்கும் தெரியும்.

அழுத்தினேன்.

ஃபிரிட்ஜ் தோள் குலுக்கி எழுந்தது.
டிவியில் யாரோ பாதி வாக்கியத்தில் சிரித்தார்கள்.
நானும் நான்குன்னுதான் நினைச்சேன் என்றான் லோகன்.

இனி அந்த எண்ணை எந்த மீட்டரும் வாங்காது.
ஒரே ஒரு தடவை செலவாகும் காசு.
சீட்டு குப்பைக்கூடையில்,
முட்டை ஓடுகளுக்கு மேல்.

ஆனால் பத்து முறை பாதியாக்கிய பிறகு
மிஞ்சிய ஒற்றைப்படை அட்டையில் இருக்கிறது:
37270968759196637.
மூன்று போகவில்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று,
பதினேழும் போகவில்லை.
இது பகா எண்ணாக இருந்துவிட்டால்
முழு எண் ஒரு குறைவெண்.
தன்னை விடுத்த வகுத்திகளையெல்லாம் கூட்டினாலும்
மயிரிழையில் தன்னை எட்டாது.
சின்னதாய் ஒரு காரணி உள்ளே ஒளிந்திருந்தால்
மிகையெண், வழிந்துவிடும்.
இடையில் எது என்று
இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

லைட்டை அணை, யூனிட் போகுது என்றான்.
அணைத்தேன்.

இருட்டில் பத்தொன்பதால் வகுத்தேன்.
மீதி பதினாறு.