ஏற்கத்தக்க பிற விடைகள்

மூன்று பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள்,
மூன்று நிறச் சீருடையில்
ஈசூன் வெயிலைத் தலையில் சுமந்துகொண்டு.
செவ்வாய், வியாழன், பிற்பகல் மூன்று மணி.
பாதிப் பேருக்குப் பசி, மீதிப் பேருக்குத் தூக்கம்.
எனக்கு இரண்டும்.

பாடநாவல் நூற்று நாற்பத்தெட்டுப் பக்கம்.
அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை,
அம்மாவுக்குத் துவாஸ் தொழிற்சாலையில் பகல் வேலை,
அண்ணன், தங்கை, ஒரு மூவறை வீடு.
ஆறு வருடமாக நடத்துகிறேன்.
எந்தப் பக்கத்தில் யார் அழுவார் என்று
புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன்.

"கதைன்னா நடந்தது.
கருப்பொருள்ன்னா
நடந்ததெல்லாம் எதைச் சுத்தி நடந்ததோ அது"
என்று பலகையில் வட்டம் போட்டேன்.
கை சாய்ந்து வட்டம் நீண்டுவிட்டது.
"டீச்சர், கருப்பொருள் முட்டையா?" என்றான் கவினேஷ்.
அன்றைக்கு யாரும் கேட்ட முதல் கேள்வி அது.
மகிழ்ந்தேன் என்றே சொல்லவேண்டும்.

பிறகு தாள்.
இந்நாவலின் கருப்பொருள் யாது? சான்றுடன் விளக்குக. (4)
பத்தொன்பது பேரில் பதினொருவர்: விடாமுயற்சி.
ஐவர்: குடும்ப ஒற்றுமை.
ஒருவன் இரண்டையும் எழுதி நடுவில் சாய்கோடு போட்டிருந்தான்,
எது சரியோ அதை நானே எடுத்துக்கொள்ளலாமாம்.
ஒரு தாள் வெறுமை, மூலையில் மட்டும் ஒரு பூனை.
ஃபஹ்மிதா எழுதியிருந்தாள்:

உட்கார்வது.

அவ்வளவுதான்.
கீழே வாக்கியம் இல்லை, எண்கள் மட்டும்:
12, 37, 58, 90, 146.

ஒரு மதிப்பெண் போட்டேன்,
தமிழில் எழுதியதற்காக.

வியாழக்கிழமை தாளோடு வந்து நின்றாள்.
"சான்று காட்டச் சொன்னீங்க, காட்டியிருக்கேன்.
பார்த்தீங்களா டீச்சர்?"

பார்க்கவில்லை.
பார்த்தேன்.

பன்னிரண்டில் அப்பா பாத்திரத் தொட்டியோரம் நின்று
காய்ந்த ரொட்டியைத் தின்கிறார்.
முப்பத்தேழில் அம்மா பேருந்து நிறுத்தத்தில்
பன்னின் உறையைப் பாதி மட்டும் உரிக்கிறாள்.
ஐம்பத்தெட்டில் அண்ணன்,
மின்தூக்கி வருவதற்குள் நாலு வாய்.
தொண்ணூறில் தங்கை குளிர்பதனப்பெட்டியைத் திறந்துவைத்து
அந்த வெளிச்சத்திலேயே.
வீட்டில் நாற்காலிகள் இல்லாமல் இல்லை,
நான்கு இருக்கின்றன.
நான்கிலும் மடிக்காத துணி.

நூற்று நாற்பத்தாறில் யாரோ
(யாரென்றுகூட எழுதியவர் சொல்லவில்லை)
துணியை அள்ளிக் கட்டிலில் போடுகிறார்கள்.
அடுத்த வரியில் சோறு.

அந்தப் பக்கத்தை நான் எப்போதும் வேகமாகக் கடப்பேன்.
அழுகை நூற்று நாற்பத்தேழில் இருக்கிறது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"
"தெரியல டீச்சர்.
துணியை எப்போ மடிப்பாங்கன்னு
பார்த்துக்கிட்டே இருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று
காத்திப் பக்கம் போனது.
அது கடந்து முடியும்வரை
பேசாமலிருக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

விடைக்குறிப்பின் கடைசி வரி எந்த ஆண்டும் மாறுவதில்லை:
ஏற்கத்தக்க பிற விடைகள்.
அதன் கீழ் உள்ள இடம் ஆறு வருடமாகக் காலி.
பென்சிலால் எழுதினேன், அழிக்க வசதியாக;
துறைத்தலைவர் கேட்டால்
பக்க எண்களைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொன்னேன்:
தேர்வில் இப்படி எழுதாதே,
முழு வாக்கியமாக எழுது,
திருத்துபவருக்குப் புத்தகத்தைப் புரட்ட நேரமிருக்காது.
சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.
தலையாட்டிவிட்டு, "அப்போ நாலா?" என்றாள்.
"மூணு. விளக்கம் இல்லையே."
முறைத்தாள். சரியான முறைப்பு.

நாலரை மணி.
வாசலில் கவினேஷ்
கறிபஃப்பைக் கடித்தபடியே 811ஐப் பிடிக்க ஓடினான்.
என் காப்பி, பிளாஸ்டிக் பையில்,
ஆறிப்போய், விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.
நின்றபடியே உறிஞ்சினேன்.