கடைமடை

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று
ஊரே கேட்டுக்கொண்டிருந்த ஆவணியில்
நான் ரத்தம் கேட்டுப் போனேன்.
விரல் நுனியில் ஒரு குத்து,
பட்டையில் ஒரு சொட்டு.
மீட்டர் யோசிக்கிற அந்தச் சில நொடி
தையல்நாயகி கூரையைப் பார்த்தாள்.

ஏழு புள்ளி இரண்டு.

ஆறாம் மாதம். இரண்டாவது பிள்ளை.
அரிச்சந்திரா நதியின் வால் பக்கம் வீடு;
அதற்கப்பால் இறால் குட்டையும் கடலும்தான்.
இங்கே போர் தண்ணீரில் இரும்பு அதிகம்.
குடம் சிவக்கும், சிமெண்டுத் தரை சிவக்கும்,
ராசகுருவின் வெள்ளை வேட்டி
மூன்றே துவைப்பில் பழுத்துவிடும்.
இத்தனை இரும்புக்கு நடுவில்
இவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தால்
உள்ளே, அரைத்த பச்சரிசி மாவு.

மாத்திரை எங்கே என்றேன்.
"சாப்பிட்டா கருப்பா வெளிக்கிப் போவுது சிஸ்டர்,
வயித்தப் பொரட்டுது.
முருங்கைக்குப் போட்டுட்டேன்.
நல்லா வந்திருக்கு, பாருங்க."
நல்லாத்தான் வந்திருந்தது.
திட்ட வாயெடுத்தவள்
ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு நின்றேன்.

என் பதிவேட்டில்
எடைக்கு, உயரத்துக்கு, ரத்த அழுத்தத்துக்கு,
கணவரின் கைபேசி எண்ணுக்குக் கட்டம் உண்டு.
வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுவது
என்பதற்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

சோற்றுப் பானைக்கும் முறைப்பாசனம்தான்.
தலைமடை மாமனாருக்கு,
அடுத்து ராசகுரு, கொழுந்தன்,
பிறகு தர்ஷன், அவன் மீதம் வைத்தால் அது.
குழம்பில் மீன் போய்
புளி மட்டும் வந்து சேரும் இடத்தில் இவள்.
மேட்டூர் திறந்தது பேப்பரில் வந்தது,
கல்லணை திறந்தது டிவியில் வந்தது,
இங்கே வந்தது
கொஞ்சம் ஈரம்.

நான்கு பாட்டில் ஏற்றணும் என்றார் டாக்டர் ஹாஜிரா,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
"நடவு நேரமாச்சே சிஸ்டர்."
பெண்களுக்கு பஸ்ஸில் காசில்லை, சரி.
போகிற கூலிக்கு எந்த டிக்கெட்?
நடவுக் குழுவில் பதினோரு பேர்.
வரப்பில் நின்று பேசினேன்.
வராத நாளுக்கும் அவள் பங்கை
எடுத்து வைக்கிறோம் என்றார்கள்.
முதல் நாள் வைத்தார்கள். இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் பாதி.
நான்காம் நாளைப் பற்றி நான் கேட்கவில்லை.

பாட்டிலில் மருந்தைக் கலந்ததும்
புதுத்தண்ணீரின் நிறம்,
நுரையும் சருகுமாய் முதலில் வருமே, அது.
சொட்டுச் சொட்டாய் இறங்குவதைப்
பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.
"இதாவது நேரா எனக்கு வருது.
வழியில யாரும் கட்டையப் போட்டு
மறிக்க முடியாதுல்ல?"

நான்கு வாரம் கழித்து
ஒன்பது புள்ளி மூன்று.
பதினொன்று அல்ல.

ஒரு ராத்திரி, வேண்டுமென்றே
சாப்பாட்டு நேரத்தில் போனேன்.
ராசகுரு பதறி நாற்காலி இழுத்துப் போட்டான்.
"எனக்கு வேணாம். அவளுக்குப் போடு."
மதகடியில் லஸ்கர் நிற்பது மாதிரி நின்றேன்.
பழக்கமில்லாத கையில் கரண்டி ஆடியது;
தட்டில் விழுந்தது நடுத்துண்டு.
மாமனார் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
அவள் தலை நிமிரவில்லை. ஆனால் தின்றாள்,
முள்ளைக்கூட விடாமல்.

தினமும் நிற்க முடியுமா?
ஐயாயிரத்துச் சொச்சம் பேர், ஒரு ஸ்கூட்டி.
அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு:
அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால்
ஒரு மிஸ்டு கால்.
கடைசியில் என்றால் வேண்டாம்.

திங்கள் வந்தது. செவ்வாயும்.
நேற்று வரவில்லை.
இன்று,
என் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி முடித்து
பானையின் அடியை நான்
சுரண்டிக்கொண்டிருந்தபோது
கைபேசி
ஒருமுறை அடித்து நின்றது.