கள அளவைப் புத்தகம், பக்கம் 61

பல்லடுக்கு வாகன நிறுத்தம் வருகிறது,
அதற்குமுன் ஒருமுறை அளந்துவிடுங்கள் என்றார்கள்.
அரசரடிக்கு மேற்கே, ரயில் பாதைக்கு முதுகு காட்டி
மூன்று ஏக்கர் நாற்பது சென்ட்.
படிவத்தில் முன்னமே தட்டச்சாகியிருந்தது:
காலியிடம்.

ஒச்சப்பன் சங்கிலியின் மறுமுனையோடு நடந்தான்.
(சங்கிலி என்பது வாய்ப்பழக்கம். இப்போது நாடாதான்.)
சீமைக்கருவேலம் குத்தியது.
உடைந்த பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு,
கம்பிவேலிக்குள் முனகும் டிரான்ஸ்பார்மர்.
பிறகு கட்டைகள்.
அறுத்த மரங்களின் அடிக்கட்டைகள்.

கட்டைக்குப் படிவத்தில் பத்தி கிடையாது.
கை சும்மா இருக்கவில்லை, புள்ளி வைத்தேன்.
பன்னிரண்டு அடி. மறுபடி பன்னிரண்டு அடி.
புதருக்குள் ஒன்று தொலைந்தாலும்
அடுத்தது அதே கணக்கில் காத்துக்கொண்டிருந்தது.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரவு, சாப்பாட்டு மேசையில் ரசக்கறையைத் துடைத்துவிட்டுப்
புள்ளிகளைக் கோட்டில் சேர்த்தேன்.
ஒரு சதுரம்.
அதைச் சுற்றி ஒரு சதுரம்.
அதைச் சுற்றி இன்னொன்று, இன்னொன்று.
வெளிச் சதுரத்தின் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது.
என் கைப்பிழை என்று அழித்தேன்,
திரும்பப் போட்டாலும் கோணியது.
மாசி வீதியில் எது நேராகப் போயிருக்கிறது?

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி.
மதுரையை யாரோ மடித்து
மூன்று ஏக்கருக்குள் வைத்திருக்கிறார்.

மறுநாள் விடியுமுன் ஒச்சப்பனை எழுப்பினேன்.
மரக்கடையில் எட்டு வருஷம் இருந்தவன்,
கட்டையை நகத்தால் கீறி, முகர்ந்து, பேர் சொன்னான்.
உள்சுற்று கடம்பு. ஆடியில் பூப்பது.
அடுத்து சரக்கொன்றை. சித்திரையென்று சொல்ல வேண்டியதில்லை.
மூன்றாம் சுற்றில் கட்டைகூட மிஞ்சவில்லை,
டிரான்ஸ்பார்மர் வேலியில் சாய்ந்தபடி ஒரே ஒரு பவழமல்லி
ஆவணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
வெளியே இலவம்.
மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் சிவப்பது.

சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடும் ஊர் இது.
வீதியும் மாதமும் பேச்சுவார்த்தை விட்டு
எத்தனை காலமோ.
அந்த ஆள் மரம் நட்டு
இரண்டையும் சமாதானம் செய்திருக்கிறார்.
கல்லில் ‘உபயம்’ வரை இருக்கிறது,
அதற்குமேல் சிமெண்ட்.

நடுவில் சாமி வைக்கவில்லை.
ஒரு கல் இருக்கை.
இரண்டு பேர் உட்காரலாம்.

என் காசில் ஜெராக்ஸ் எடுத்து
டீக்கடை, பஸ் நிறுத்தம், ரேஷன் கடைச் சுவர் என ஒட்டினேன்:
ஞாயிறு காலை ஏழு மணி. தோட்டத்தைப் பார்க்க வாருங்கள்.
ஏழு பேர் வந்தார்கள்.
ஒருவர் சர்க்கரை பரிசோதனை முகாம் என்று நினைத்து
வெறும் வயிற்றோடு வந்திருந்தார்.
சுண்ணாம்புப் பொடியில் நான் கோடு போட
அவர்கள் கோட்டின்மேல் நடந்தார்கள், இல்லாத மரங்களுக்கு ஒதுங்கி.
நூல்கடை குபேந்திரன் ஒரு முக்கில் நின்று,
‘அப்ப நம்ம கடை இங்க வரும்’ என்று
ஒரு கட்டையில் போய் உட்கார்ந்தார்.
வெறும் வயிற்றுக்காரர் அவருக்கு எதிரே
தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

வரைபடத்தை அனுப்பினேன்.
காலியிடம் என்பதைச் சிவப்பு மையில் அடித்து
நான்கு சுற்றையும் மரம் மரமாகக் குறித்திருந்தேன்.
கோப்பு பதினோராம் நாள் திரும்பியது.
‘வரிசை எண் 2, கொன்றை, 36 எண்ணம்.
தளத்தில் இருப்பு இல்லை. விளக்கம் தருக.’

விளக்கம் எழுத உட்காருமுன் போய்ப் பார்த்தேன்.
முந்தின வாரம் பெய்த மழை.
தென்மேற்கு மூலைக் கட்டையில் இரண்டு துளிர்,
ஆடு எட்டாத உயரத்துக்கு
ஒச்சப்பன் கருவேல முள்ளை அடைத்துக்கொண்டிருந்தான்.
யாரும் சொல்லவில்லை அவனிடம்.

எழுதினேன்:
‘ஐயா, இருப்பைச் சரிபார்க்கச்
சித்திரை வரை அவகாசம் வேண்டும்.’

எந்தச் சித்திரை என்று
எழுதவில்லை.