நூற்று எழுபது

இருதயராஜ் விற்பதும் குடைதான்.
மழைக்கானது இல்லை.
"நூற்று முப்பத்தைந்து எடுத்துக்க,
எழுபது குதிப்புதான் ஆகியிருக்கு,
துணி இன்னும் மொடமொடன்னு இருக்கு.
பிரேக்கைத் தொட்டாலே திரும்பும்."
சொல்லிவிட்டு நாற்காலியில் காலை மாற்றிப் போடுகிறான்.
இடது கணுக்காலில் ஆறு திருகாணி.
நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

காரைக்குடி வெங்காய மண்டியில்
பையும் ஹெல்மெட்டுமாக
மூட்டைத் தராசில் ஏறி நின்றேன்.
எழுபத்துநாலு கிலோ.
எடைக்காரர் காசு வாங்கவில்லை,
எந்த ஊருக்குப் பார்சல் என்று மட்டும் கேட்டார்.
பவுண்டாக்கிச் சதுர அடியால் வகுத்தால்
விடை ஒன்றைத் தாண்டக் கூடாது,
நூறு குதிப்பைத் தொடாத என் போன்றவளுக்கு.
இருதயராஜின் துணியில் அது ஒன்றே காலை நெருங்குகிறது.
நூற்று எழுபதில்
ஒன்றைத் தொடாமல் நின்றுவிடுகிறது.

இந்த எண்ணை ஏற்கெனவே ஒரு பத்திரத்தில் பார்த்திருக்கிறேன்.
கானாடுகாத்தான் வீடு
பத்தொன்பதாயிரத்து நாற்பது சதுர அடி,
நூற்றுப் பன்னிரண்டு பங்கு.
வயிரவன் கைபேசியில் வகுத்துக் காட்டினான்:
"உனக்கு அரைத் தூண், ஒரு நடை,
முற்றத்தில் மழை விழுகிற மூலை."
நான் அழுவேன் என்று
கைக்குட்டையோடு வந்திருந்தான்.
பணம் எப்போது வரும் என்று கேட்டேன்.

வாங்கியவர்களின் பெயிண்டர் வர ஒரு வாரம் இருந்தது.
சாவியை இரவல் கேட்டேன், துணி மடிக்க.
நைலானுக்கு வெயில் ஆகாது;
இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் குளிர்ந்து கிடந்தது.
கயிறுகளை விரல்விட்டுப் பிரித்தேன்,
மூக்கை உள்ளே மடக்கினேன்,
மேலே படுத்து உருண்டு காற்றைப் பிதுக்கினேன்.
சுருக்குப்பையில் ஒரு கல்யாணக் கூடத்தைத்
திணிக்கிற வேலை.
இரண்டு முறை வழுக்கிப் பிதுங்கியது.
மூன்றாம் முறை கெட்ட வார்த்தை சொன்னேன், அடங்கியது.

பழைய ஓடுதளம், விரிசலெல்லாம் எருக்கு.
பத்தாயிரம் அடியில் கதவு திறந்தது.
கீழே ஓட்டுக் கூரைகள் நீள்சதுரம் நீள்சதுரமாக,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பொத்தல்.
எது எங்களுடையது என்று தேட நேரமில்லை.
முப்பத்தைந்து விநாடி
சட்டைக் காலர் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தது.
நாலாயிரத்தில் இழுத்தேன்.

ஒன்பது அறைத் துணி.
ஏழு திறந்தன.
ஓரத்து இரண்டும் பூட்டியே கிடந்தன,
சாவி பினாங்குப் பங்காளியிடம் இருப்பதுபோல.
பிரேக் இரண்டையும் இடுப்புவரை இழுத்து
ஒரு மூச்சு நிறுத்தி
விட்டேன்.
திறந்தன.
சதுரமாய் இருக்கிறதா. இருக்கிறது.
கிழிசல் இல்லையே. இல்லை.
சொன்னால் திரும்புகிறதா.
இடது. வலது.
திரும்புகிறது, கொஞ்சம் யோசித்து.

அப்புறம் எல்லாம் நிதானம்.
யாரோ மைக் செட்டில் "ஹலோ ஹலோ" சொல்வதுகூடக் கேட்டது.

முந்நூறு அடியில் தாரின் அனல் பிடித்துக்கொண்டது.
இறங்க வேண்டியவள் ஏறினேன்.
சுண்ணாம்பு வளையம் காலுக்குக் கீழே
நழுவிப் போனது.
அங்கே நின்றவர்கள் கை காட்டினார்கள்,
இங்கே, இங்கே.
திரும்பினால் பிடித்துவிடலாம்.
திருப்பத்தில் துணி சாயும்,
சாய்ந்த துணிக்குத் தரை எழும்பி வரும்.
ஆறு திருகாணி.
நேராகவே போனேன்,
கரன்ட் கம்பி வலப்பக்கம் விலக,
கருவேலங்காடு தாண்டி
வற்றிய கண்மாய்க்குள்.
இரு கையையும் தொடைவரை இழுத்தேன்,
அரை நொடி பிந்தி.
முட்டி இரண்டும் செம்மண்.

ஆடுகள் கலைந்து ஓடின.
விறகு பொறுக்கிய அம்மா நிமிரவில்லை:
"எங்கிட்டிருந்து வாரீக?"
"மேல இருந்து."
"வெயில்ல ஏந்தாயி."

இருதயராஜ் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தான்.
என் காலைப் பார்த்தான், முதலில் இடதை.
"வளையத்தை விட்டுட்டியே" என்றான்.
பிறகு உட்கார்ந்து
துணியிலிருந்து முள் பிடுங்க ஆரம்பித்தான்.
ஒரு முள் ஆழமாய் ஏறியிருந்தது.
விரல்நுனி அளவு பொத்தல்;
அதன் வழியே கொஞ்சம் வானம்.
"ஒட்டிடலாம்," என்றான்,
"முந்நூறு ரூபா."