முன்பக்கம் சாயுமா

மயிலாடுதுறைப் பல் மருத்துவர் குபேந்திரன்
இரண்டு கேமராக்களை விற்கிறார்.
ஞாயிற்றுக்கிழமை. கிளினிக்கில் யாருமில்லை.
பல் பிடுங்கும் நாற்காலியில் ஒன்று,
முழு உலோகம், டிபன் பெட்டி போல மடங்கி.
துப்பும் தொட்டிக்குப் பக்கத்தில் மற்றது,
செர்ரி மரம், பித்தளையில் களிம்புப் பச்சை.

எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.
மரக் கேமராவின் துருத்திக்குள்
செல்போன் விளக்கை நுழைத்தேன்.
நான்கு நட்சத்திரங்கள்.
மூன்று, மடிப்பு மூலைகளில். ஒன்று நடுவயிற்றில்.
"கறுப்புப் பெயின்ட் தொட்டு வைத்தால் சரியாகிவிடும்"
சொத்தையை அடைக்கிற அதே குரல்.
உலோகத்துக்குள் ஒன்றுமில்லை. அமாவாசை.

மொட்டை மாடிக்கு ஏறினோம்.
கோபுரம் பார்த்து முக்காலியை நிறுத்தினார்.
"கேமராவை அண்ணாந்து பார்க்க விடக்கூடாது மேடம்,
லென்ஸை மட்டும் தூக்கணும்."
தூக்கினார். தேய்த்த கண்ணாடியில்
வௌவால் போலத் தொங்கிய கோபுரம்
இரண்டு பக்கமும் நூல் பிடித்தாற்போல் நேரானது.
"இந்தப் பக்கம் எல்லாரும் கேட்பது இதைத்தான்.
எவ்வளவு ஏறும்?"

நான் கேட்டேன்: முன்பக்கம் சாயுமா?

எனக்குத் தலைஞாயிறுக்குக் கிழக்கே.
அங்கே அண்ணாந்து பார்க்க ஒரு செல்போன் டவர் உண்டு,
அதற்கு நான் தேவையில்லை.
எங்களிடம் ஏறுவது உப்பு ஒன்றுதான்.
எவ்வளவு ஏறியது என்று மாதம் ஒரு படம்,
அதே எல்லைக்கல், அதே உயரம்.
காலடியில் வெடித்த சேறும்
அரை மைல் தள்ளி மதகின் பல்சக்கரமும்
ஒரே தகட்டில் கூராக விழவேண்டும்.
கூர்மை சாதாரணமாகச் சுவர் மாதிரி நிற்கும்.
லென்ஸ் கொஞ்சம் தலை குனிந்தால்
பாய் மாதிரிப் படுத்துக்கொள்ளும்.

உலோகத்துக்கு முன்பக்கம் குனியாது.
"பின்பக்கம் சாயும். ரெண்டும் ஒண்ணுதான்."
ஒன்றில்லை.
பின்பக்கத்தைச் சாய்த்தால் கிட்டத்து மண் ஊதிப் பெருக்கும்.
என் மூன்று மா, படத்தில் ஒரு வேலியாகும்.
கடன் கொடுக்கிறவர் வேண்டுமானால் மகிழலாம்.

மரத்தைப் பூட்டினேன். ஐந்து டிகிரி. திருகை முறுக்கினேன்.
மாடித் தளத்து வெடிப்பிலிருந்து
தெருமுனை ஆட்டோவின் எண்பலகை வரை
அத்தனையும் தெளிவு.
ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.
ஐம்பதுக்குள் எண்பலகை கரைந்துவிட்டது.
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவன் தலை போல
லென்ஸ் மெல்ல மெல்லத் தொய்ந்து இறங்கியது.

டாக்டர் வேறெங்கோ பார்த்தார்.

திருகைக் கழற்றினால் உள்ளே வாஷர் இல்லை.
கீழே பஞ்சர் கடையில் ட்யூப் துண்டு கேட்டு
ஒரு ரூபாய்க் காசளவு வெட்டி, நடுவில் துளைத்து மாட்டி,
இருநூறு வரை எண்ணினேன்.
ஆட்டோதான் கிளம்பிப் போனது. லென்ஸ் அசையவில்லை.

இருபத்தெட்டு சொன்னது இருபத்து நாலுக்கு வந்தது.
தேதி முடிந்த எக்ஸ்ரே ஃபிலிம் ஒரு பெட்டி இனாம்.
பாக்கி ஆயிரம் தை கழிந்து.
மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்:
மரக் கேமரா ஒன்று, துருத்தியில் ஓட்டை நான்கு,
பார்த்துத்தான் வாங்கினார்.

"ஆர்மோனியமா?" கண்டக்டர் கேட்டார்.
துருத்தி இருக்கிறது, பாடாது என்றேன்.
லக்கேஜ் போட்டுவிட்டார்.

திங்கள் காலை, எல்லைக்கல் ஓரம்,
கறுப்புத் துணிக்குள் என் தலை.
கண்ணாடியில் எல்லாம் தலைகீழ்.
என் சேறு உச்சியில், மதகு அதற்குக் கீழே,
எல்லாவற்றுக்கும் அடியில் வானம்.
கடைமடை மேலே இருப்பதை
இந்த வருஷம் இங்கேதான் பார்த்தேன்.
தண்ணீருக்கு அது தெரியாது, இன்னும் வரவில்லை.

நாலு செகண்ட் திறந்து வைத்தேன்.
நடுவே ஒரு நண்டு குறுக்கே போனது.
அது விழாது.
அதன் வளை விழும்.