பந்தைப் பிடித்திருந்தவன்

டோர்ஷாவ்னில் அன்று காற்று
நான்காவது நடுவரைப் போலக்
கோட்டுக்கு வெளியே நிற்கவில்லை.
உள்ளே இறங்கி ஆடிக்கொண்டிருந்தது.

தேசியக் கோப்பை இறுதி.
நாங்கள் ஹாம்ராவிக், எதிரே தாங்கனெஸ்.
ஒரே கடற்குடாவின் இரண்டு கரைகள்.
அவர்கள் சமையலறை விளக்கை அணைப்பது
எங்கள் சமையலறையிலிருந்து தெரியும்.
பெண் எடுப்போம், கடன் கொடுப்போம்,
படகு கவிழ்ந்தால் முதலில் போய்ச் சேர்வோம்.
ஆனால் அவர்களுடைய மஞ்சளை
எங்கள் கொடிக்கயிற்றில் காயப்போட மாட்டோம்.

எண்பத்தெட்டாம் நிமிடம். ஒன்றுக்கு ஒன்று.
ரோக்வியின் காலை எவனோ வாரிவிட,
நடுவர் வெள்ளைப் புள்ளியைக் காட்டினார்.
ரோக்வி பந்தை வைத்தான். நகர்ந்தது.
மறுபடி வைத்தான்.
சரிவில் அவிழ்த்துவிட்ட ஆடுபோல
அது தன்பாட்டுக்குக் கார்னர் கொடியைப் பார்த்துப் போனது.

"யாராவது பிடிங்கப்பா" என்றார் நடுவர்.
எங்கள் தீவுகளில் இது புதிதல்ல.
அணியில் அடிக்க ஒருவன்,
தடுக்க ஒருவன்,
பந்தைப் பிடித்துப் படுக்க நான்.
இரண்டு வருடத்தில் நான் போட்ட கோல் பூஜ்யம்.
படுத்தது ஏழு முறை.

படுத்தேன்.
கன்னத்தில் செயற்கைப் புல்,
பல்லிடுக்கில் கறுப்பு ரப்பர்த் தூள்,
காதுக்குள் சாய்ந்தடிக்கும் மழை.
பந்தின் உச்சியில் ஆள்காட்டி விரல்.
அழுத்தினால் அடி பிசகும்,
விட்டால் பந்து போய்விடும்.
தூங்கும் பிள்ளையின் நெற்றியில்
எழுப்பாமல் ஜுரம் பார்க்கிற அளவு, அவ்வளவுதான்.

அங்கிருந்து பார்த்தால்
உலகம் முழுக்கக் கணுக்கால்.
கோல் கோட்டில் இரண்டு பச்சைக் காலணிகள்:
ட்ரோண்டுர்.
சால்மன் ஆலையில் ஐந்து வருடமாய் என் எதிர்மேசை.
நான் தலை வெட்டித் தள்ளுவதில் அவன் முள் எடுப்பான்.
விடியும் முன்னே குடாவைச் சுற்றிவந்து
என்னைத் தன் காரில் ஏற்றிக்கொள்வான்.
அவனுடைய வலது முட்டி மழைக்கு ஆகாது.
எனக்குத் தெரியும்.
ரோக்வியிடம் சொல்லியிருக்கலாம்.
ஒரு வாரம் நாக்கு நுனியிலேயே இருந்தது,
சொல்லவில்லை.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்;
நான் கேட்டுப் பார்த்தாயிற்று.

அவன் குனிந்து நின்றான்.
ரோக்வியைப் பார்க்கவில்லை.
என் விரலைப் பார்த்தான்.

ஓடி வருவது முதலில் விலா எலும்புக்குக் கேட்டது.
கண்ணை மூடிக்கொண்டேன்.
விரல் நுனியில்
இருந்த பந்து
இல்லாமல் போயிற்று.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு கூச்சல்,
மஞ்சள் பக்கமிருந்து.

சரி, போயிற்று என்று நினைத்தேன்.
முகத்தைத் தூக்காமலே
தோற்றுப் பார்த்தேன்.
பெரிதாக வலிக்கவில்லை.
திங்கட்கிழமை ஆலை திறக்கும், மீன் வரும்.
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது;
இதை நான் எங்கள் பாதிரியாரிடமும்
சொல்லப்போவதில்லை.

காற்று, எங்கள் ஆட்களின் குரலைச் சுருட்டி
எதிர்ப்பக்கச் சுவரில் அறைந்து
திருப்பி அனுப்பியிருக்கிறது.
முதுகில் ஒன்பது பேர் வந்து விழுந்தபோதுதான்
வென்றது தெரிந்தது.

கோப்பையில் பீர் ஊற்றிக் குடித்தோம்,
பாதி மழை.
பத்திரிகைப் படத்தில் ரோக்வி பறக்கிறான்.
கீழோரத்தில் ஒற்றைக் காலணியின் அடிப்பாகம்:
அது நான்.

திங்கள், காலை ஐந்தே முக்கால்.
ஹாரன் இல்லை. விளக்கை மட்டும் சிமிட்டினான்.
ஏறி உட்கார்ந்தேன்.
வைப்பரைத் தவிர யாரும் பேசவில்லை.
மலைக்குள் சுரங்கப்பாதை தொடங்கி
மழை சட்டென்று நின்றதும்,
"காட்டு" என்றான்.
டாஷ்போர்டு வெளிச்சத்தில்
கறுத்த நகத்தைக் காட்டினேன்.

"விழுந்துடும்."

"ம்."

இன்னொரு கிலோமீட்டர் போனது.

"வலப்பக்கம்தான்னு தெரிஞ்சுது" என்றான்.
"முட்டிதான் வரல."

வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச்சிட்டது.
இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.